கையெழுத்து அப்புறம்... எழுதுனத முதல்ல படிங்க!

2025 ஆகஸ்ட் 14. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அன்றைக்கு வழக்கமாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. 'கிராம சபை என்றால் என்ன... நீங்கள் கேட்க வேண்டிய 10 கேள்விகள்!' என்ற பழைய கட்டுரையை எடுத்து, தேதியை மாற்றி, புதுப் படம் ஒன்று வைத்து மறுபடியும் மேலே ஏற்ற வேண்டும். அந்தக் கட்டுரையை எழுதியவள் நான்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் எழுதியது. கூட்டம் நடக்கும் நாள்கள் வரும்போதெல்லாம் அதைத் தேடி வாசகர்கள் வருவார்கள். டெஸ்க்கில் அதற்கு 'அட்சய பாத்திரம்' என்று பெயர்.

ஷிஃப்ட் முடிந்து கிளாம்பாக்கத்தில் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றபோது, அந்த லிங்கை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான் எழுதுவதையெல்லாம் அம்மா படிப்பார். பதில் எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க பாப்பா. ஆனா நீ ஒரு தடவையாச்சும் கிராம சபைக்குப் போயிருக்கியா?"

போனதில்லை. எனக்கு 26 வயது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு போட்டிருக்கிறேன். வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு பேருக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனி நிறம். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, மை வைத்த விரலைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். அதோடு ஊர்க் கடமை முடிந்தது என்று திருச்சிக்கு டிப்ளமோ படிக்கப் போய்விட்டேன். அங்கிருந்து சென்னை.

சட்டத்தில் எனக்கு வேறு ஒரு பதவியும் இருக்கிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், நியமிக்க வேண்டாம். நிறைய பேர் ஊராட்சி மன்றத்தையும் கிராம சபையையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். மன்றம் என்பது நாம் ஓட்டு போட்டு அனுப்பியவர்கள். சபை என்பது ஓட்டு போட்ட நாமே. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் இதைச் சொன்னது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊருக்கு என்ன வேலை செய்யலாம் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவைப் பார்ப்பது, தணிக்கை அறிக்கையைக் கேட்பது எல்லாம் சபையின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை நடந்த கூட்டத்தோடு, 2022-ல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்ந்தன.

இதெல்லாம் என் கட்டுரையில் இருக்கிறது. அம்மா கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை.

எங்கள் ஊரின் பெயர் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓவர்ஹெட் டேங்க். அங்கிருந்து மெயின் லைன் கீழத்தெரு, நடுத்தெரு வழியாக வந்து எங்கள் தெருவில் முடிகிறது. எங்கள் தெருவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால், எல்லோரும் சொல்வது 'கடைசித் தெரு'.

காலை நாலரைக்கு டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறப்பார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேரும்போது நூல் போல ஒழுகும். வீட்டுக்கு வீடு குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் கன்றுக்குட்டியைக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் பிடிப்பது தெருக்குழாயில்தான். அதுவும் நேராக நிற்கிற குழாயில் வராது. குழாயைச் சுற்றி இடுப்பளவு பள்ளம் தோண்டி, பைப்பைத் தரைக்குக் கீழே அறுத்து, அங்கே வாய் வைத்திருக்கிறார்கள். கீழே இறங்கினால்தான் தண்ணீர் இறங்கும். ஒருவர் பள்ளத்துக்குள் உட்கார்ந்து குவளையால் பிடித்துக் குடத்தில் ஊற்ற, இன்னொருவர் மேலே நின்று குடத்தைத் தூக்குவார். நான் பத்தாவது படிக்கும்போது தோண்டிய பள்ளம் அது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அதற்குள்தான் போகும்.

போன மார்கழியில் அப்பாயி அந்தப் பள்ளத்தில் விழுந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று, யாரிடமும் சொல்லாமல் இருட்டில் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இடுப்பு எலும்பு. மதுரையில் ஆபரேஷன். இப்போது வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை வரும். விழுந்த நாளைப் பற்றிக் கேட்டால், "கொடம் ஒடையல ஆத்தா, நல்ல பிளாஸ்டிக்கு" என்று சிரிக்கும்.

அம்மா இதைக் கிராம சபையில் சொல்லாமல் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் 'கூட்டத்துக்கு வந்துடுங்க' என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், அம்மா அநேகமாக எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவர். நான்கு வருடமாகச் சொல்லிவருகிறார். ஒவ்வொரு முறையும் ஊராட்சிச் செயலர் தலையாட்டி, "எழுதிக்கிட்டேன்க்கா" என்பார்.

ஊரில் அவரை யாரும் செயலர் என்று சொல்வதில்லை. 'கிளார்க்கு'தான். எனக்கு முறைக்கு மாமா. கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாயியின் முதியோர் உதவித்தொகைக்கு அலைந்து வாங்கிக்கொடுத்தவர் அவர். வீட்டு வரி, தெருவிளக்கு, செத்த நாயை அப்புறப்படுத்துவது, டெங்கு வந்தால் மருந்தடிப்பது என எல்லாமே அவர் தலையில். எங்கள் மாவட்டம் உட்பட பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். தலைவர் இல்லை, வார்டு மெம்பர் இல்லை. எது வேண்டுமானாலும் கிளார்க்கு வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான் பயம்.

"நாளைக்கு ஒரு கையெழுத்துன்னா அவன்கிட்டதான் போவணும். கூட்டத்துல வச்சு எதுவும் பேசாதீங்க. நான் தனியா சொல்லிக்கிறேன்" என்றார், நான் போய் இறங்கிய காலையிலேயே.

"நாலு வருஷமா தனியாத்தான சொல்றீங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். அப்பா வெளியே போய்விட்டார்.

கூட்டம் பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மாரியம்மன் கோயில் திடலில் நடக்கும். காலனியிலிருந்து வருகிறவர்கள் ரோட்டோரம் நின்றபடியே கேட்டுவிட்டுக் கையெழுத்து போட்டுப் போவார்கள். யாரும் உள்ளே வராதே என்று சொன்னதாக நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது என்ற விதியைக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான், அந்த ரோட்டோரம் எனக்கு ஞாபகம் வந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே ஜமக்காளம். ஆனாலும் யார் எந்த ஓரம் உட்காருவது என்பது கால்களுக்கே தெரிந்திருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு பிளெக்ஸில் அடித்து மரத்தில் கட்டியிருந்தார்கள். வெயில் பட்டுப் பளபளத்ததில் பாதி எண் தெரியவில்லை. ஒரு சிறுவன் அதற்குப் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளராக வந்திருந்த அதிகாரி பேச ஆரம்பித்தார். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூரில் குடவோலை முறையில்..."

கிராம சபை பற்றி யார் பேசினாலும் உத்திரமேரூர் வந்துவிடும். என் கட்டுரையிலும் முதல் பத்தி அதுதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு. வாரிய உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி போட்டியிட முடியாது என்று அதில் எழுதியிருப்பதைப் படித்து நான் அசந்துபோயிருக்கிறேன். அதே கல்வெட்டில் வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது என்று தகுதிகளும் இருக்கின்றன. அன்று மரத்தடியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் உத்திரமேரூர்ச் சபையில் இடம் கிடைத்திருக்காது. அம்மாவுக்கு நிச்சயம் கிடைத்திருக்காது. பெருமைப்பட அந்தக் கல்வெட்டு போதும். எங்கள் பள்ளத்துக்கு 1994-ல் வந்த சட்டம்தான் வேண்டும்.

அதிகாரி பேசும்போதே நோட்டு சுற்றில் வந்துகொண்டிருந்தது. வரிசை எண், பெயர், கையெழுத்து என மூன்றே கட்டம். எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் எண்ணிப் பார்த்தேன். குழந்தைகளைச் சேர்த்தால் எழுபது. மீதிக் கையெழுத்து எப்படி வரும் என்று பக்கத்தில் இருந்த சித்தியிடம் கேட்டேன். "நாளைக்கு நோட்டு வேலை நடக்குற எடத்துக்கு வரும்டி" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. வீடு நடுத்தெருவில். இது பிறகு வரும்.

செயலர் மாமா பொருள்களை வாசித்தார். சுத்தமான குடிநீர், டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, நூறு நாள் வேலைத்திட்டப் பணிகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. மேலிடத்திலிருந்து வந்த பட்டியல் அது. ஊரே கூடி ஊர்க்கதையைப் பேசட்டும் என்று ஏற்படுத்திய கூட்டத்துக்கு, என்ன பேச வேண்டும் என்பது வெளியிலிருந்து வருவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஊர் விஷயம் கடைசியில் 'இதர பொருள்கள்' என்ற வரியில்தான். அதற்குள் பாதிப் பேர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்சர் பொட்டலமும் டீயும் வந்துவிட்டன.

என் போனில் பத்துக் கேள்விகளும் தயாராக இருந்தன. திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. பிரஸ் மீட்டில் அமைச்சரிடம் மைக் நீட்டிக் கேட்டிருக்கிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இங்கே நான் பேசினால், இன்னார் மகள் டவுனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து பேசுகிறாள் என்றாகிவிடும். அப்பா எதிர்ப்பக்கம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எழுந்தது அம்மா. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, பள்ளத்தில் இறங்கிப் பிடிக்கிறோம், ஏதாவது செய்யுங்கள். அப்பாயி விழுந்ததைச் சொல்லவில்லை.

"எழுதிக்கிட்டேன்க்கா" என்றார் மாமா. அம்மா உட்கார்ந்தார்.

அப்போதுதான் நோட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா பேனாவை வாங்கினார். தன் பெயரை எழுதப் போனவர் நிறுத்தி, பக்கத்தை முன்னால் திருப்பினார். பின்னால் திருப்பினார். கையெழுத்துப் பக்கங்களுக்கு அடுத்த பக்கம் வெறும் தாள்.

"அண்ணே, கையெழுத்து அப்புறம் போடுறேன். எழுதிக்கிட்டேன்னீங்கள்ல, எழுதுனத முதல்ல படிங்க."

குரலை உயர்த்தவில்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அதெல்லாம் ஆபீஸ்ல போயி ஃபேரா எழுதிருவேன்க்கா. இங்க குறிப்பு எடுத்துக்கிறதுதான்."

"அந்தக் குறிப்பத்தான் படிங்க."

மாமா சிரித்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் வந்த பட்டியல் மட்டுமே இருந்தது. யாரோ ஓர் ஆண், "நேரமாவுது, கையெழுத்தப் போட்டுக் குடுத்தா" என்றார். அம்மா பேனாவை மூடினார். அடுத்து இருந்த பெரியம்மாவிடம் நோட்டைக் கொடுத்தார். அவர் வாங்கிய கையோடு மடியில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்தவர் கையை நீட்டவே இல்லை. யாரும் பேசிவைத்துச் செய்யவில்லை. நோட்டு அந்த இடத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு அந்த இரண்டு நிமிடமும் உள்ளங்கை வேர்த்தது.

காலனிப் பக்கமிருந்து ஒரு தாத்தா எழுந்தார். "படிச்சுத்தான் காட்டுங்களேன். நாங்களும் எங்க சுடுகாட்டுப் பாதைக்கு எத்தன வருசமா சொல்றோம். அது இருக்கான்னு பாப்போம்."

அதுவும் இல்லை.

பற்றாளர்தான் முதலில் இறங்கி வந்தார். "சரிம்மா, இப்பவே எழுதிடுவோம். எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பா, நீதான எழுதுறவ. எழுதிக் குடு."

எழுதினேன். 'கடைசித் தெரு மக்கள் பல ஆண்டுகளாகக் குடிநீரின்றித் தவித்து வரும் அவலநிலையைக் கருத்தில் கொண்டு...' என்று ஆரம்பித்தது என் தீர்மானம். அம்மாவிடம் மெதுவாக வாசித்துக் காட்டினேன்.

"தவிக்கிறோம்னுலாம் எழுதாத. எத்தன வீடு, எத்தன கொழா, எத்தன மணிக்குத் தண்ணி வருது, என்ன செய்யணும்... அத எழுது."

டிப்ளமோவில் ஒரு செமஸ்டர் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். வீடு 31. தெருக்குழாய் 4. அதில் தண்ணீர் வருவது ஒன்றில், அதுவும் பள்ளத்தில். என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் எனக்குத் தெரியவில்லை. டேங்க் ஆபரேட்டரைக் கேட்டோம். அவர் இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லையாம். யாரும் கேட்டதில்லை என்றார்.

"நடுத்தெரு முக்குல ஒரு கேட் வால்வு போட்டுட்டா, அரை மணி நேரம் அத அடைச்சு, முறை வச்சு இவங்களுக்கு விடலாம். ஆனா..." என்று இழுத்தவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வால்வு போட்டாலும் லைன்ல மோட்டார் வச்சு உறிஞ்சுனா ஒண்ணும் வராது. நடுத்தெருவுல எட்டு மோட்டார் இருக்கு."

கூட்டத்தில் சட்டென்று சத்தம் கூடியது. அதுவரை அரசாங்கம் செய்யவில்லை என்பதுதான் பேச்சு. அரசாங்கத்தைத் திட்ட எல்லோரும் ஒன்றாக இருந்தோம். இப்போது எட்டு வீடு. எட்டு வீட்டில் ஒன்று சித்தப்பா வீடு.

சித்தி என் பக்கத்திலிருந்து எழுந்துகொண்டார். "எல்லாரும் வச்சுருக்காக, நாங்களும் வச்சோம். எங்களுக்கு மட்டும் தண்ணி மாடிக்குத் தானா ஏறுதா?" இன்னொருவர், முறை வைத்தால் தங்களுக்கு நேரம் குறையும், காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கேட் வால்வு மட்டும் எழுதிவிடலாம், மோட்டாரை அப்புறம் பார்க்கலாம் என்று மாமா ஒரு வழி சொன்னார். அப்பா முதல் முறையாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார், அது போதும் என்பதுபோல. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. பேனா என் கையில் இருந்தது. அந்த வரியை எழுதாமல் விட்டால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மோட்டாரையும் எழுது பாப்பா" என்றார் அம்மா. சித்தியைப் பார்த்து, "ஒன்னைய மட்டும் சொல்லலம்மா, எட்டையும்தான் சொல்றேன். அத்தை எங்க விழுந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்ல" என்றார்.

அன்று அப்பாயியைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு வரிதான். அதையும் சபைக்குச் சொல்லவில்லை.

மாமாவே தீர்மான நோட்டில் எழுதினார். கேட் வால்வு ஒன்று. மின்மோட்டார்களை 15 நாளைக்குள் அவரவரே எடுத்துவிடுவது, இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பது என்று ஒன்று. சுடுகாட்டுப் பாதை ஒன்று. பற்றாளர் மூன்றையும் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் நோட்டு மறுபடி நகர்ந்தது. நான் அம்மாவுக்கு அடுத்து என் பெயரை எழுதினேன். வரிசை எண் 63. சித்தி கையெழுத்து போடாமல் போய்விட்டார். நான் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று இரவு மொட்டைமாடியில் அப்பா என்னிடம் கேட்டார். "நோட்டுல நாலு வரி எழுதுனா தண்ணி வந்துருமா? பத்திரிகையில இருக்கியே, நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது, 2024-ல் சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபைகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. மக்கள் மதுரை வரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதற்கு முன், 2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று கிராம சபைகளையே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பன்னிரண்டு ஊர்ச் சபைகளும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

"பரந்தூர்?" என்றார் அப்பா. அவர் தினமும் பேப்பர் படிக்கிறவர்.

பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்து மக்கள் 2022-லிருந்து எத்தனையோ கிராம சபைகளில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். திட்டம் நிற்கவில்லை. அதையும் சொன்னேன்.

"அப்போ ரெண்டுலயும் சேத்திதான்" என்று அப்பா படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி வீட்டுக்கு நாளைக்கு எப்புடிப் போறது? கிருஷ்ண ஜெயந்திக்கு சீடை குடுத்து விடுவா" என்றார். மறுநாள் சீடை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் மாமாவைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். டீ வாங்கிக்கொடுத்தார். "ஒங்கம்மா நல்ல வேலை பாத்துச்சு. மோட்டார எடுங்கன்னு நான் சொன்னா ஒவ்வொருத்தனும் சண்டைக்கு வருவான். இப்போ நோட்டக் காட்டலாம், ஊரே சொல்லிருச்சுன்னு" என்றார். பிறகு, "அதுக்காக ஒவ்வொரு கூட்டத்துலயும் நோட்ட நிறுத்திப்புடாதீங்க" என்று சிரித்தார். பாதிதான் சிரிப்பு.

திங்கள்கிழமை டெஸ்க்கில் அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். பத்தாவது கேள்விக்கு அடுத்து, 'எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்' என்று சேர்த்தேன். தலைப்பில் 10 என்று இருக்கிறதே, 11 என்று மாற்றினால் தேடலில் கீழே போய்விடுமே என்று எடிட்டர் கேட்டார். ஆறாவது கேள்வியைத் தூக்கிவிட்டு இதை உள்ளே வைத்தோம். ஆறாவது கேள்வி என்னவென்று இப்போது எனக்கே ஞாபகமில்லை.

செப்டம்பரில் ஒருநாள் ஷிஃப்ட்டில் இருக்கும்போது அம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கன்றுக்குட்டி கத்துகிற சத்தம்.

"பாப்பா, கேட் வால்வு போட்டுட்டாக. நேத்து மொத நாள் முறை விட்டாக. எட்டு மோட்டார்ல அஞ்ச எடுத்தாச்சு. ஒஞ் சித்தப்பா எடுத்துருச்சு, ஆனா சித்தி இன்னும் பேசல. மூணு வீட்ல இன்னும் இருக்கு. சுடுகாட்டுப் பாதைக்கு ஆளு வந்து அளந்துட்டுப் போனதோட சரி. அடுத்த கூட்டத்துல அதக் கேக்கணும்னு அந்தத் தாத்தா சொல்லிட்டுப் போறாரு. நீ வர்றியா?"

லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன். பள்ளத்தை மூடியாகிவிட்டதா என்றும் கேட்டேன்.

"இல்லடி. கொடம் இப்போ பாதிப் பள்ளத்துல நெறையுது. மேல வரட்டும், மூடிக்கலாம்."